தவசிலிங்கம் மரம் வைத்த கதை

"மூணும் செத்துப்போச்சு" என்றார் தவசிலிங்கம்.

காய்ந்துபோன மூன்று கன்றுகளையும் கழுத்தைப் பிடித்துத் தூக்கி வந்து உகந்தாவின் முன்னால் போட்டார்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கறுப்புப் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு தண்ணி விட்டீங்க அண்ணாச்சி?"

"மூணு வேளை. ஒரு வேளை தவறலை."

"மாத்திரையா அது, மூணு வேளை கொடுக்கிறதுக்கு? கரிசல் மண்ணு. ஒரு குடம் விட்டா மூணு நாளைக்கு வச்சுக் குடிக்கும். கன்னை முக்கிக் கொன்னுருக்கீங்க."

"போன தடவை தண்ணி பத்தலைன்னு நீதானே சொன்னே?"

"போன தடவை பையைக் கிழிக்காமலே குழியில இறக்கிட்டீங்க. தண்ணி எப்படி வேருக்குப் போகும்?"

"வேர் கலைஞ்சிரக் கூடாதுன்னு பார்த்தேன்."

"கலையலை. கலையாமலே செத்துச்சு."

தவசிலிங்கம் பல்லைக் கடித்தார்.

சாத்தூருக்குக் கிழக்கே, பைபாஸ் ஓரத்தில் இருந்தது அவள் நர்சரி. முழுப்பெயர் வெயிலுகந்தாள். நாற்பத்திரண்டு வயது. எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் அந்த வட்டாரத்தில் மரம் வைக்கிறவர்கள் அவளை வாத்தியாரம்மா என்றுதான் சொல்வார்கள். செடி வாங்கப் போனவர்களில் பாதிப் பேர் ஒரு கேள்வியை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

தவசிலிங்கத்துக்கு அறுபத்தொரு வயது. மின்சார வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம், கம்பியைத் தொட வந்த கிளையையெல்லாம் வெட்டச் சொன்னவர். மரத்தை அவருக்கு மேல் முனையிலிருந்துதான் தெரியும்.

"சரி, போனது போகட்டும். இன்னும் மூணு கன்னு கொடு. நல்ல உசரமா இருக்கணும். வைகாசி பத்துக்குள்ள நிழல் விழணும்."

"இப்போ சித்திரை பாதி."

"தெரியும்."

"மரம் கேக்கீங்களா, பந்தல் கேக்கீங்களா?"

"ஏம்மா, கேட்டதைக் கொடுக்கிறதுக்குத்தானே கடை வச்சிருக்கே?"

"வைகாசி பத்துல என்ன விசேஷம்?"

சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தார். ஆனால் கோபத்தில் வாயைத் திறந்தவருக்கு அது தானாக வெளியே வந்துவிட்டது.

"என் வீட்டுக்காரி மாசியில மக வீட்டுக்குப் போனவ, இன்னும் வரலை. தூத்துக்குடியில இருக்கா. போறதுக்கு முந்தின வாரம் வீட்டுக்குள்ளேயே மயங்கி விழுந்துட்டா. பிரஷர், சுகர் எல்லாம் பார்த்தாச்சு. ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. அந்த வெயில் அடங்கினா சொல்லி அனுப்புங்க, வாரேன்னு சொல்லிட்டுப் பஸ் ஏறினா. இப்போ மாப்பிள்ளை மாடியில அவளுக்குன்னு தனியா ரூம் எடுக்கார். வைகாசி பத்துல பால் காய்ச்சுறாங்க."

காய்ந்த கன்று ஒன்றைக் காலால் ஒதுக்கினார்.

"பால் காய்ச்சிட்டா அப்புறம் அவ வரமாட்டா."

உகந்தா மண் அள்ளுவதை நிறுத்தினாள். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மதினி எந்த வெயிலைச் சொன்னாங்க?"

"எந்த வெயிலா? ஊருக்கு எத்தனை வெயில் இருக்கு?"

"பார்த்துட்டு வாங்க."

"கன்னு?"

"இல்லை."

அவரைச் சுற்றி இரண்டாயிரம் கன்றுகள் நின்றன. வேம்பு, புங்கை, பூவரசு, சரக்கொன்றை, மகிழம். வேலியோரமாகச் செம்பருத்தியும் இட்லிப்பூவும் வரிசை வரிசையாக இருந்தன.

"இத்தனை நிக்குதே, இது என்ன?"

"இதெல்லாம் உயிரோட இருக்கு அண்ணாச்சி. இருந்துட்டுப் போகட்டும்."

*

மூன்றாம் நாள் ஒரு வரைபடத்தோடு வந்தார்.

ஸ்கேல் வைத்துப் போட்ட படம். கிழக்கே பார்த்த வீடு. காம்பவுண்டு, கேட், கார் நிற்காத கார் ஷெட், செப்டிக் டேங்க், போர்வெல் எல்லாம் இருந்தன. தெருவில் போகும் மின்கம்பியைச் சிவப்பு மையில் இழுத்திருந்தார். கேட்டிலிருந்து எத்தனை அடி, தரையிலிருந்து எத்தனை அடி என்று ஓரத்தில் எழுதியிருந்தார். பகல் பன்னிரண்டு மணிக்கு முன்வாசலில் நாற்பத்தொரு டிகிரி. அதையும் எழுதியிருந்தார்.

முன்பக்கம் மூன்று வட்டம். மூன்று மரம்.

"இனிமே இதுல ஒரு குத்தமும் சொல்ல முடியாது" என்றார்.

உகந்தா படத்தை வாங்கி வேப்பங்கன்றுகளின் மேல் விரித்தாள். வெகுநேரம் பார்த்தாள். தலைகீழாகத் திருப்பியும் பார்த்தாள்.

"இதுல ஆள் எங்கே?"

"என்னது?"

"கம்பி இருக்கு, டேங்க் இருக்கு. ஆளைக் காணோமே."

"வீட்டுப் பிளான்ல ஆளைப் போடுவாங்களாம்மா?"

"அப்போ நிழல் செப்டிக் டேங்குக்கா?"

பக்கத்தில் செம்பருத்தி வாங்க வந்த ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தவசிலிங்கம் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். வழி நெடுகத் திட்டிக்கொண்டே போனார். வேறு நர்சரி இல்லாமலா போய்விட்டது?

இருந்தது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று இருந்தது. அங்கே கேட்டதைக் கொடுத்தார்கள். இரண்டு வருஷத்தில் மாடிக்கு வளரும் என்று சொல்லி ஒரு மரத்தின் பெயரையும் சொன்னார்கள். கையில் வாங்கிப் பார்த்தார். இலை பளபளவென்று இருந்தது.

எந்த வெயில் என்று இவர்கள் கேட்கவில்லையே என்று தோன்றியது.

தோன்றியதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. கன்றைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

*

மறுநாள் படத்தில் இரண்டு புள்ளி இருந்தது.

"இது நான்" என்றார். முன்வாசலில், நடு வட்டத்துக்குக் கீழே ஒரு நாற்காலி வரைந்து, அதில் ஒரு புள்ளி வைத்திருந்தார். "இது பூங்கனி." பக்கத்திலேயே இன்னொரு நாற்காலி, இன்னொரு புள்ளி.

"மதினி அங்கேதான் உக்காருவாங்களா?"

"உக்காருவா."

"எந்நேரம்?"

தவசிலிங்கம் யோசித்தார். காலை, பேப்பர் நேரம். அவர் இருப்பார். சாயங்காலம், காற்று வாங்கும் நேரம். அவர் இருப்பார். பக்கத்து நாற்காலியில் யார் யாரோ இருந்தார்கள். மேலத்தெரு செல்லப்பாண்டி, கேபிள்காரர், ஒரு தடவை பஞ்சாயத்துத் தலைவர்கூட இருந்தார்.

"உக்காருவா" என்றார் மறுபடியும். "நிழல் இருந்தா உக்காருவா."

உகந்தா கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"உங்களுக்குப் பாடம் எடுக்கிறதுக்கு இந்தத் தொட்டிக்கு எடுத்துரலாம் அண்ணாச்சி. நாளைக்கு நாலு மணிக்கு நானே வாரேன்."

"காலையில வாயேன். வெயிலுக்கு முந்தி."

"நாலு மணிக்கு."

*

மறுநாள் காலையிலிருந்து முன்பக்கத்தைக் கூட்டினார். மூன்று இடத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டார். கடப்பாரை, மண்வெட்டி, மக்கின சாணம், தண்ணீர்க் குடம் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். மத்தியானம் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்து காத்திருந்தார்.

உகந்தா டிவிஎஸ் ஃபிப்டியில் வந்து இறங்கினாள். பின்னால் பெட்டி இல்லை, சாக்கு இல்லை.

"கன்னு எங்கே?"

"வந்தவங்களை வாங்கன்னு சொல்ல மாட்டீங்களா?"

"வா. கன்னு எங்கே?"

வட்டங்களைத் தாண்டி வந்து, வாசலில் கிடந்த அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஆத்தாடி, இங்கே குளுகுளுன்னுல்ல இருக்கு."

"கிழக்கே பார்த்த வீடு" என்றார் தவசிலிங்கம் பெருமையாக. "மத்தியானத்துக்கு மேல வீட்டு நிழலே முன்னாடி விழுந்துரும்."

சொல்லிவிட்டுத் தன் வட்டங்களைப் பார்த்தார். மூன்று வட்டமும் நிழலில் கிடந்தன.

உகந்தா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

"ஒரு காப்பி கிடைக்குமா அண்ணாச்சி?"

"முக்குக் கடையில வாங்கிட்டு வாரேன்."

"கடைக் காப்பி எனக்கு ஆகாது. பால் இல்லாட்டாலும் பரவாயில்லை. கருப்பட்டி போட்டுக் கடுங்காப்பி போதும்."

"நான் அடுப்படிக்கெல்லாம்..."

"அவசரம் இல்லை. மெதுவாப் போடுங்க."

முப்பது வருஷ சர்வீஸில் அதிகாரிகள் எத்தனையோ பேர் அவரை வேலை வாங்கியிருக்கிறார்கள். இப்படி ஒருத்தியும் வாங்கியதில்லை. முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்.

அடுப்படி வீட்டின் வடமேற்கு மூலையில் இருந்தது. வாஸ்து பார்த்தவர் சொன்ன இடம். கதவைத் தள்ளினார்.

யாரோ முகத்தில் அறைந்தது மாதிரி இருந்தது.

அடுப்புக்கு நேர் மேலே மேற்கு ஜன்னல். வெயில் அது வழியாகச் சாய்வாக வந்து அடுப்பு மேடை முழுவதும் கிடந்தது. கறுப்புக் கல் பதித்த மேடை. கையை வைத்தவர் எடுத்துக்கொண்டார்.

டப்பா டப்பாவாகத் திறந்து காப்பித்தூளைத் தேடினார். ஏழாவது டப்பாவில் இருந்தது. பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அடுப்பைப் பற்றவைத்தார். பற்றவில்லை. மறுபடி பற்றவைத்தார். பற்றவில்லை. குனிந்து பக்கத்தில் கை வைத்துப் பார்த்தார்.

சுரீர் என்றது. முதல் தடவையே பற்றியிருந்தது. வெயிலில் தீ கண்ணுக்குத் தெரியவில்லை.

"காப்பி ஆச்சா?" என்று முன்னாலிருந்து சத்தம் வந்தது.

"இப்போதானேம்மா வச்சிருக்கேன்!"

வேர்வை புருவத்தில் இறங்கிக் கண்ணில் விழுந்தது. சுவரில் ஃபேன் இருந்தது. மயங்கி விழுந்த அன்றைக்குக்கூட, "ஃபேனைப் போட்டுக்கிட வேண்டியதுதானே" என்று சொன்னவர் அவர். சுவிட்சைத் தட்டினார். ஃபேன் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் கேஸ் வாடை அடித்தது. அடுப்பு அணைந்திருந்தது.

ஃபேனை நிறுத்திவிட்டு அடுப்பை மறுபடி பற்றவைத்தார்.

வெயிலை மறைக்க ஏதாவது இருக்கிறதா என்று ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடி ஓரங்களில் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டதும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அதற்குக் கீழே இன்னொரு காகிதம். அதற்கும் கீழே இன்னொன்று. பழைய காலண்டர் தாள்கள். சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியது. வெயிலில் கருகிக் கருகி விழ, அதன் மேலேயே அடுத்ததை ஒட்டியிருக்கிறாள். அடியில் இருந்த துண்டில் வருஷம் தெரிந்தது. இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சிய வருஷம்.

ஆறு வருஷம். ஒவ்வொரு மாசமும், போன மாசத் தாளை எவ கிழிச்சா என்று அவர் முன்வாசலிலிருந்து கத்தியிருக்கிறார்.

"அண்ணாச்சி, சுக்கு இருந்தா ஒரு துண்டு தட்டிப் போடுங்க!"

அவர் சுக்கைத் தேடி எடுத்துத் தட்டிப் போட்டார். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"கடிச்சுக்க எதுவும் இருக்கா? மத்தியானம் சாப்பிடலை. ரெண்டு தோசை கிடைச்சாலும் போதும்!"

"தோசையா?"

கரண்டியை ஓங்கி வைத்தார். மேடை நங்கென்றது. தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. துணியைத் தேடினார், கிடைக்கவில்லை, தோளில் கிடந்த துண்டாலேயே துடைத்தார். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அது சுட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டார். அதுவும் சுட்டது.

"காப்பி ஆச்சா?"

"வந்துக்கிட்டே இருக்கு" என்றார்.

சொன்ன பிறகு அப்படியே நின்றுவிட்டார்.

அது அவர் பேச்சு இல்லை. தினமும் நாலு மணிக்கு, நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவர் காதால் கேட்ட பேச்சு.

*

பின்கதவைத் திறந்தார்.

கொல்லை முழுக்க சிமெண்ட் தளம். மண் பறக்கக் கூடாது, பூச்சி பொட்டு வரக் கூடாது என்று அவர்தான் பூசச் சொன்னார். காம்பவுண்டுச் சுவர் வரைக்கும் ஒரு புல் முளைக்க இடமில்லை. வெயில் அதில் பட்டுத் திரும்பி ஜன்னலுக்குள் போய்க்கொண்டிருந்தது. காலை வைத்தார். செருப்பில்லாத கால். துள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

இரண்டு தம்ளர் காப்பியோடு முன்வாசலுக்குப் போனார். ஒன்றை உகந்தாவின் கையில் கொடுத்தார். இன்னொன்றைக் குடிக்காமல் வாசல் சுவர்மேல் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்னால் போனார்.

உகந்தா தம்ளரோடு பின்னாலேயே வந்தாள். பின்வாசல் படியில், கதவு நிழல் ஒரு சாண் விழுந்த இடத்தில் ஒதுங்கி நின்றாள்.

முதல் போடு. கடப்பாரை எகிறியது. இரண்டாவது போடு. மூன்றாவதில் கீறல் விழுந்தது.

"தூள் கூடிப்போச்சு" என்றாள் உகந்தா, காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு.

"குடி."

அடித்துக்கொண்டேயிருந்தார். தட்டு அகலத்துக்குச் சிமெண்ட் பெயர்ந்தது. அடியில் கறுப்பு மண் தெரிந்தது.

மூச்சு வாங்கியது. கடப்பாரையில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"இப்பவாவது சொல்லு. என்ன மரம் வைக்க?"

"என்னை ஏன் கேக்கீங்க?"

"உன்னைக் கேக்காம வேற யாரை..."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். வேர்வைக் கையால் இரண்டு தடவை தப்பாக அழுத்தினார். மூன்றாவது தடவை மணி போனது.

"என்ன?" என்றாள் பூங்கனி.

"பின்னால சிமெண்டை உடைக்கேன்."

"எதுக்கு? பைப்பு அடைச்சிருச்சா?"

"மரம் வைக்க. அடுப்படி ஜன்னலுக்கு எதிர்த்தாப்புல."

கடப்பாரையைச் சுவரில் சாத்தினார்.

"உனக்கு என்ன மரம் வேணும்?"

துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நிழல் விழ மூணு வருஷமாவது ஆகும். அதுவரைக்கும் நாலு மணிக் காப்பியை நான் போடுதேன். உனக்கும் சேர்த்து."

"யாரு பேசுறது?" என்றாள் பூங்கனி.

"நான்தான்."

"நீங்கதானா?"

"நான்தான்ங்கேன்!"

தூத்துக்குடியில் ஏதோ ஒரு மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"புங்கை" என்றாள்.

"சரி."

"குழி எங்கே போட்டிருக்கீங்க?"

"ஜன்னலுக்கு நேரா."

"அதானே பார்த்தேன்" என்றாள் பூங்கனி. "சித்திரையில வெயில் நேராவா வருது? வடக்கே ரெண்டு முழம் தள்ளித் தோண்டுங்க. தெக்குப் பக்கத்தை விட்ருங்க, நான் துணி காயப் போடணும்."